என் கணவரின் கல்லறையில் கிடந்த மெழுகு

என் கணவரின் கல்லறையில் யாரோ ஒரு பெண் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறாள் என்று தெரிந்தபோது நான் ஆண்டவரிடம் ஆறுதல் கேட்கவில்லை. அவளை என் கையில் பிடித்துக் கொடும் என்று கேட்டேன். அப்படியே பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை ஒளிக்காமல் உங்கள் முன்னால் சொல்லத்தான் வந்திருக்கிறேன். போன மாதத்திலிருந்து சபையில் சிலர் என்னைப் பற்றி வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று என் காதுக்கும் வந்தது. அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜாய்ஸ். பிறந்தது நாசரேத் பக்கம். தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் கணவர் ஹவில்தார் ஜெபராஜ். வடக்கே பனிமலையில் காவலில் இருந்தபோது பனிச்சரிவில் இறந்துபோனார். அது நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. கொடி போர்த்திய பெட்டியில் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியால் வானத்தில் சுட்டு மரியாதை செய்தார்கள். அந்தக் கொடியை மடித்து என் கையில் கொடுத்தார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பட்டாளத்து முத்திரை செதுக்கிய கல் அவருடையது ஒன்றுதான்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. பால்காரர் ஊற்றும்போது படியைக் குனிந்து பார்ப்பேன். இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கில் ஒரே தப்பைச் செய்திருந்தால், பரீட்சையில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று போய் விசாரிப்பேன். என் கணவர் லீவில் வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டு, "சிஐடி அம்மா, உள்ள வரலாமா? இல்ல, பெட்டியச் சோதனை போட்டுட்டுத்தான் விடுவியா?" என்று கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவேன். அந்த மனுஷன் உயிரோடிருந்தவரை இது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாக இருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எங்கள் வீட்டில் பூ வைப்போம், ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவோம். அவ்வளவுதான். மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் மாமனார் அதில் ரொம்பக் கண்டிப்பு. என் கணவர் இறந்த இரண்டாம் வருடம் நானும் என் மகள் ஷைனியும் போனபோது கல்லின் கீழே மெழுகு உருகி உறைந்து கிடந்தது. பக்கத்துக் கல்லறைக்கு ஏற்றியதாயிருக்கும் என்று சுரண்டிப் போட்டேன்.

மூன்றாம் வருடமும் அதே இடத்தில் மெழுகு. போதாததற்குக் கல்லைக் கழுவியிருந்தார்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்கு எந்தக் கல்லும் ஒரு மாதத்தில் அழுக்கேறிவிடும். எழுத்துக்குள்ளே இருந்த அழுக்கைக்கூட யாரோ குச்சி வைத்து நோண்டி எடுத்திருந்தார்கள். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் எதற்கு அந்த வேலையைச் செய்ய வேண்டும்? ஷைனியை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தோட்டக் காவலர் சுடலை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, எங்க கல்லறைக்கு யாரு வாரா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே வியர்வையே இல்லை.

"யாரு வாரா? நீங்கதான் வாரீங்க, டீச்சரம்மா."

"என்கிட்ட மறைக்காதீங்க. மெழுகு கெடக்கு."

"ஒரு பொம்பள வருவா. வருசத்துக்கு ஒருக்கா. நாளைக்குக் கூட்டம் வரும்னா இன்னைக்கு மத்தியானமே வந்துட்டுப் போயிருவா. அழுவா. ஒரு வம்புதும்புக்கும் போக மாட்டா."

"வயசு?"

"உங்க வயசு இருக்கும்."

"வெள்ளைச் சேலையா?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கலர் சேலைதான். தலையில பூ இருக்கும். கழுத்துல தாலியும் கெடக்கு."

அன்று ஜெபிக்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். கலர் சேலை, பூ, தாலி. வேறொருவன் பெண்டாட்டி ஒருத்தி, ஊர் பார்க்காத நேரத்தில் வந்து என் புருஷனுக்காக அழுகிறாள். இதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

பிரியமானவர்களே, சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் அதற்குத் தீனி தானாகவே கிடைக்கும். அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கி ஒவ்வொரு சட்டைப் பையாகத் தேடினேன். கடிதங்களை வரிவிடாமல் படித்தேன். "துறைமுகம்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்ததை, அங்கே இவருக்கு யாரைத் தெரியும் என்று நாலு தடவை படித்தேன். லீவு பாஸ்களை எடுத்து வைத்து, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதிகளோடு ஒத்துப் பார்த்தேன். கடைசி லீவில் ஒரு நாள் இடித்தது. ரயில் லேட் என்று அன்றைக்கு அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது நம்பியிருந்தேன்.

அவரோடு வேலை பார்த்த ஒரு கேரளத்து நண்பருக்குப் போன் செய்து சுற்றி வளைத்து விசாரித்தேன். "சேச்சி, ஜெபராஜ் எங்க கிட்ட உங்கள பத்தி தவிர வேற எதுவும் பேச மாட்டான்" என்றார். நல்ல பதில்தான். ஆனால் நண்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துப் போனை வைத்தேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. அதில் அவருடைய பெயரைச் சொல்லி, இவரைத் தந்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம் என்று சொல்வேன். அடக்கம் முடிந்த வாரத்தில்கூட அதை நான் நிறுத்தினதில்லை. இப்போது நிறுத்திவிட்டேன். வாயில் வரவில்லை. வந்தால் பொய் சொன்னதாக ஆகும் என்று தோன்றியது. வீரர்களை நினைவுகூரும் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி மறுத்தேன். அந்தப் பொய் மட்டும் வாயில் சுலபமாக வந்தது.

ஷைனி அப்போது பத்தாம் வகுப்பு. கவனிக்காத பிள்ளை இல்லை அவள். ஒருநாள் ஜெபம் முடிந்ததும் பைபிளை மூடாமலே கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் இப்ப அப்பா பேரச் சொல்ல மாட்டேங்க?"

"சொன்னேனே."

"சொல்லல. அஞ்சு மாசமா நானும் பாக்கேன். அப்பா ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா?"

இறந்துபோன தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை கேட்கக் கூடாத கேள்வி அது. அதைக் கேட்க வைத்தவள் நான். அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் எனக்கு உண்மையாக இருந்தாரா, இல்லையா? இருந்தாரென்றால் நான் செய்வது பாவம். இல்லையென்றால் இந்தப் பிள்ளையிடம் நான் எதைச் சொல்லி வளர்ப்பது? கேட்கலாம் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

அன்றைக்குத்தான் முழங்கால் போட்டு அந்த ஜெபத்தைச் செய்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, எனக்கு உண்மை தெரியணும். அது எவ்வளவு கசப்பா இருந்தாலும் சரி. அந்தப் பொம்பளைய என் கையில பிடிச்சுக் குடும்" என்று கேட்டேன். ஆண்டவர் மேலேயும் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் கேட்டேன். ஒருவேளை அவரும் என்மேல் இரக்கப்பட்டு உண்மையை மறைத்துவிடுவாரோ என்ற பயம். ஆறு மாதம் தினமும் இதையே கேட்டேன்.

நான்காம் வருடம் நவம்பர் முதல் தேதி வந்தது. பல்வலி என்று பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். மழைக்கால மேகம் மூடியிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுடலை அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தன் அறைக்குள் போய்விட்டார்.

ஒரு மணி வாக்கில் வந்தாள். மஞ்சள் சேலை. பிச்சிப்பூ. ஒடிசலாக, கறுப்பாக, அழகாக இருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நேராக என் கணவரிடம் போனாள். பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றப் பார்த்தாள். காற்று அணைத்தது. மறுபடி உரசினாள். மறுபடி அணைந்தது. நன்றாக அணையட்டும் என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஒருவழியாக ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். நான் மரத்தை விட்டு நகர்ந்து பக்கத்தில் போனேன்.

"ஏங்க, சின்னவ இப்ப ஏழாங்கிளாஸு. உங்கள மாதிரியே கடலக் கண்டா எறங்கிருதா. நான் அடிச்சாலும் கேக்க மாட்டேங்கா. நீங்க இருந்தா உங்க பேச்சக் கேப்பா."

எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. பிள்ளையும் இருக்கிறதா! என் கணவர் நாசரேத்துக்காரர். அவருக்கு நீச்சலே தெரியாது. முயல்தீவுக் கடற்கரைக்குப் போனால்கூட முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் திரும்பி வந்துவிடுவார். இத்தனை துப்புத் துலக்கின எனக்கு, அந்த ஒரு விஷயம் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"ஏளா, யாரு நீ? யாரு புருசன்ட்ட உக்காந்து பேசிக்கிட்டு இருக்க?"

அவள் பதறி எழுந்ததில் மெழுகுவர்த்தி சாய்ந்து விழுந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க. நீங்க கொடி வாங்கும்போது பேப்பர்ல பாத்திருக்கேன்."

"என்னையத் தெரிஞ்சுக்கிட்டேதான் வாரியா?"

"தெரிஞ்சுதான் வாரேன். என் வீட்டுக்காரருக்குக் குழி இல்லக்கா."

எனக்கு விளங்கவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். பெயர் மரிய புஷ்பம். வீடு திரேஸ்புரத்தில். கணவர் சேவியர், கடற்படையில் முக்குளிப்பவர். அவருடைய பாட்டன் பூட்டன் எல்லோரும் இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள். அவர் மேற்குக் கடலில் ஒரு தேடுதல் வேலைக்காக இறங்கினார். ஏறி வரவில்லை. பதினைந்து நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார் என்று காகிதம் வந்தது. பெட்டி வரவில்லை.

"அப்புறம் எதுக்குத் தாலி? எதுக்குப் பூ?" என்று கேட்டேன். அப்போதும் கேட்டேன்.

"எங்க அத்தைக்காகக்கா. எங்க ஆளுகள்ல சங்கு முத்துன்னு முங்கப் போனா, மேல தோணியில கயிறப் பிடிக்கிறது பெண்டாட்டிகூடப் பொறந்தவந்தான். முங்குனவன் இழுத்துச் சொல்லாம அவன் கயிற விடப்பிடாது. அத்தை அதையே சொல்லுதா. 'என் பிள்ள மூச்சடக்குவான். நாம கயிற விடப்பிடாதுளா'ன்னு சொல்லுதா. நான் வெள்ளை கட்டுனா நாந்தான் கயிற விட்டதா ஆயிரும். எங்க கத்தோலிக்கக் கல்லறையில போயி திரி கொளுத்துனா தெருவே பாக்கும், போயி அத்தைகிட்டச் சொல்லிரும். அதான் உங்க கல்லறைக்கு வந்தேன். இங்கன எங்க தெருவு ஆளுக வர மாட்டாங்க."

"இத்தனை கல்லறை இருக்க, எங்க வீட்டுக்காரர்ட்ட எதுக்கு வந்த?"

"பட்டாளத்து ஆளுன்னு கல்லுல போட்டிருந்துச்சு. முதல்ல இந்த அண்ணங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் அவருகூடப் பேசுவேன். ஒரு படைக்காரரு இன்னொரு படைக்காரருகிட்டச் சொல்லிருவாருன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டபிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "அட்டையைக் காட்டு" என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கணவனுக்கு ஒரு பிடி மண்கூட இல்லாதவளிடம் அடையாள அட்டை கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து எடுத்துத் தந்தாள். கடற்படை முத்திரை இருந்தது. போட்டோவையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். கணவர் பெயர் சேவியர் என்று இருந்தது.

ஈரக் கல்லின் மேலேயே உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நான் அவரைக் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தேன். வாயில்லாத மனுஷனை. "ஏங்க, என்னைய மன்னிச்சிருங்க" என்று அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், பாருங்கள்.

சாய்ந்த மெழுகுவர்த்தியை எடுத்து நிறுத்தினேன். குடையை விரித்துக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தேன். அவள் ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னேன். ஜெபராஜைத் தந்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம் என்றேன். ஷைனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஜெபம் முடிந்ததும் நடந்தது முழுவதையும் அவளிடம் சொன்னேன். "அட்டையுமா கேட்ட?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

அந்த இடித்த ஒரு நாள் எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தோண்டினால் ஏதாவது வழி கிடைக்கலாம். ரயில் லேட் என்று அவர் சொன்னார். சரி, ரயில் லேட். லீவு பாஸ்களைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போன மாதம், நவம்பர் முதல் தேதி நான் மெழுகுவர்த்தியோடு போனதைச் சபையார் சிலர் பார்த்திருக்கிறீர்கள். டீச்சர் கத்தோலிக்கக் கோயிலுக்கு மாறப் போகிறாளா, கூட வந்த பூ வைத்த பொம்பளை யார் என்றெல்லாம் பேச்சு வந்ததாம். நான் எங்கேயும் மாறவில்லை. உங்களைக் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. கண்ணால் கண்டதை வைத்து நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் பார்க்காமல் விட்ட ஒன்று நடந்தது.

புஷ்பம் தனியாக வரவில்லை. அவளுடைய மாமியார் பின்னாலேயே ஆட்டோவில் வந்துவிட்டார். எழுபது வயது தாண்டியவர். கண்ணும் சரியாகத் தெரியாது. மருமகள் வருடா வருடம் எங்கே போகிறாள் என்று அவருக்கும் சந்தேகம். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புஷ்பம் நடுங்கிப்போய் என் பின்னால் நின்றாள். நான்தான் வாசலுக்குப் போனேன். யார், என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மருமகளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"பிள்ளே, நீ ஒம் மாப்பிள்ள மொகத்தப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பெட்டி ஆணி அடித்து வந்தது. திறக்க வேண்டாம், முகம் அடையாளம் தெரியாது என்று சொன்னார்கள். பால் படியைக் குனிந்து பார்க்கிற நான், அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. கூட வந்த ஆறு சிப்பாய்களும் அதைத் தரையில் வைக்க மனசில்லாமல் நின்றார்கள். அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"பாக்கலம்மா" என்றேன். "திறக்க விடல."

"பொறவு எப்பிடி நம்புத?"

"அவரைப் பனிக்குள்ளேருந்து கையால தோண்டி எடுத்தவங்க வந்து சொன்னாங்க. அவங்க அழுததப் பாத்தேன். அத நம்புனேன்."

அவர் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பிள்ளகூட முங்குனவன் ஒருத்தன் வந்தான். வீட்டு நடையில விழுந்து அழுதான். நான் மூஞ்சி குடுத்துப் பேசல. பொய் சொல்லுதான்னு வெரட்டிட்டேன்" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "ஏளா புஷ்பம், அந்தப் பய நம்பரு ஒங்கிட்ட இருக்கா? வரச் சொல்லு. நான் அவங்கிட்டப் பேசணும்."

புஷ்பம் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீ ஜெபம் பண்ணும்போது பேரு சொல்லுவேன்னியே. எம் பிள்ள பேரு சேவியர். சொல்லு" என்றார். வாசலிலேயே நின்று ஜெபித்தோம். ஜெபராஜைத் தந்ததற்காக, சேவியரைத் தந்ததற்காக ஸ்தோத்திரம் என்றேன். ஆமென் என்று சத்தமாகச் சொன்னது அந்தத் தாய்தான்.

பிரியமானவர்களே, ஒருத்தியைப் பிடித்துக் கொடும் என்று கேட்ட எனக்கு ஆண்டவர் ஒரு தங்கையைக் கொடுத்தார். என் கணவரையும் திருப்பிக் கொடுத்தார். உங்களில் யாராவது என்னைப் போலச் சந்தேகத்தில் வெந்துகொண்டிருந்தால், சந்தேகம் தீரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்தச் சந்தேகத்தோடேயே போய் முழங்கால் போடுங்கள். என்னையே பொறுத்துக்கொண்டவர் அவர். அவரை நம்பிக் கேளுங்கள். பட்டாளத்திலும் கடற்படையிலும் பிள்ளையைக் கொடுத்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், ஒருநாள் போய் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். கேட்க ஒரு ஆள் வர மாட்டார்களா என்று அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் சேவியரோடு முக்குளித்த அந்தத் தம்பி திரேஸ்புரத்துக்கு வருகிறார். நானும் கூட இருக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் மூன்று பேருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.